கேட்டேன், கண்டேன்

நானூற்றுப் பன்னிரண்டில் நானூற்றுப் பதினொன்று முடிந்திருந்தது. மீதமிருந்தது ஒரே ஒரு நபிமொழி. அதிலும் அதன் கடைசி வரி மட்டும்.

பதிப்பகம் என்று சொன்னால் பெரிதாகக் கேட்கும். பைண்டிங் பட்டறைக்கு மேலே மூன்று அறைகள், அவ்வளவுதான். ஒன்றில் முதலாளியும் அவருடைய இருமலும். இன்னொன்றில் விற்காத புத்தகங்கள். நடு அறையில் நான், டைப்செட்டிங் செய்யும் அக்கா, ஓடும்போது லாரி மாதிரி குலுங்கும் ஒரு மின்விசிறி. கீழே காகிதம் வெட்டும் இயந்திரம் இறங்கும்போதெல்லாம் என் கோப்பையில் தேநீர் வட்டம் வட்டமாக நடுங்கும்.

ஒரு புத்தகத்தில் "நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள்" என்று வந்தால், அது எந்தத் தொகுப்பில் பதிவாகியிருக்கிறது, யார் யார் வழியாக வந்தது, அந்த வழி எவ்வளவு உறுதியானது என்று தேடி அடிக்குறிப்பு எழுதுவது என் வேலை. பழைய தொகுப்புகளில் ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் ஒரு பெயர் வரிசை இருக்கும். இவர் அவரிடம் கேட்டார், அவர் இன்னாரிடம் கேட்டார், அந்த இன்னார் நபியின் தோழர் ஒருவரிடம் கேட்டார் என்று பின்னோக்கிப் போகும். அறிவிப்பாளர் தொடர் என்பார்கள். அதில் ஒரு கண்ணி அறுந்தாலும் செய்தியின் தரம் இறங்கிவிடும்.

அந்தக் கண்ணிகளைப் பற்றி எழுதப்பட்ட தனிப் புத்தகங்கள் உண்டு. எனக்குச் சோறு தண்ணீர் மறந்துபோவது அவற்றில்தான். மூன்று வரிக்குள் ஒரு வாழ்க்கை. "நேர்மையானவர், கடைசிக் காலத்தில் நினைவு தடுமாறியது, அதற்கு முன் அவரிடம் கேட்டவர்கள் சொல்வதை ஏற்கலாம்." "நல்ல மனிதர், ஆனால் செய்தியில் பிழை விடுவார்." "இவர் அவரைச் சந்திக்கவே இல்லை. அவர் இறந்தபோது இவருக்கு வயது மூன்று." நான் அந்த மூன்று வயதுக் குழந்தையை நினைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். அப்போதுதான் முதலாளி வருவார்.

"என்ன சல்லடை, அந்த ஒண்ணு இன்னும் ஓட்டையிலேயே மாட்டிக்கிட்டு இருக்கா?"

அலுவலகத்தில் எனக்கு அதுதான் பெயர்.

"ஒண்ணு இல்ல சார். ஒண்ணுல கால்வாசி."

"கால்வாசிக்கா மூணு நாளு?"

"அவ அந்த அறிவிப்பாளருங்களோட குடும்பமே நடத்துறா சார்," என்றார் அக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நேத்து ஒருத்தர் போய்ச் சேர்ந்துட்டாருன்னு மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு இருந்தா. யாருடின்னு கேட்டா, அவர் செத்து ஆயிரத்து இருநூறு வருஷம் ஆச்சாம்."

முதலாளி சிரித்தார், இருமினார், பிறகு தீவிரமானார். "இங்க பாரு. வியாழக்கிழமை அச்சுக்குப் போகணும். அந்த வரி ஊருக்கே தெரிஞ்ச வரி. ஆம்புலன்ஸ்ல எழுதியிருக்கான், கல்யாணப் பத்திரிகையில போடுறான். அந்த வரியை நீ எடுத்தா, ஜனங்க என்னை எடுத்துடுவாங்க."

"மூலம் தெரியவில்லைன்னு அடிக்குறிப்பு போடலாம் சார். தெரியாதுன்னு சொல்றதும் இந்தத் துறையில ஒரு பதில்தான்."

"பக்கத்துக்கு அடியில அது சரி. வாசல்ல வந்து நின்னு கேக்கிறவன்கிட்ட? இருக்குன்னா எங்கேன்னு எழுது. இல்லன்னா எப்படி வந்துச்சுன்னு எழுது. ரெண்டுல ஒண்ணு."

புத்தகம் எங்கள் ஊர் மார்க்க அறிஞர் ஹஜ்ரத்துடையது. வாரா வாரம் அவர் நடத்திய வகுப்பின் பாடங்கள். ஹஜ்ரத் இறந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. முதல் பதிப்பு வந்து இருபத்தொன்பது வருடம். அதில் அடிக்குறிப்பு என்று ஒரு புள்ளிகூடக் கிடையாது. இந்த இரண்டாம் பதிப்பில்தான் ஒவ்வொன்றையும் சரிபார்த்துப் போடுகிறோம்.

சிக்கல் செய்த நபிமொழி எளிமையானது. எதெல்லாம் தர்மம் என்று சின்னச் சின்னச் செயல்களைச் சொல்லிக்கொண்டே போகும். சகோதரனின் முகம் பார்த்துப் புன்னகைப்பது, வழி தவறியவருக்கு வழி காட்டுவது, பார்வை மங்கியவருக்காகப் பார்த்துச் சொல்வது, பாதையில் கிடக்கும் கல்லையும் முள்ளையும் அகற்றுவது, தன் வாளியிலிருந்து அடுத்தவர் வாளியில் ஊற்றுவது. இவை எல்லாம் பழைய தொகுப்புகளில் இருக்கின்றன. ஹஜ்ரத்தின் புத்தகத்தில் மட்டும் இவற்றுக்குப் பிறகு இன்னொரு வரி: "கேட்டவருக்குக் கொடுக்க உன்னிடம் ஒன்றும் இல்லையென்றால் அவரோடு சற்று நேரம் நில், அப்படி நிற்பதும் தர்மமே."

முதலாளிக்குத் தெரியாத ஒன்று இருந்தது. அந்த வரி என் உம்மாவுடைய வரி. உம்மா ஆஸ்பத்திரியில் விசாரணை மேசையில் வேலை பார்க்கிறார். பின்னால் சுவரில் அந்த வரியை லேமினேட் செய்து ஒட்டியிருக்கிறார். யாராவது வந்து, உள்ளே இருப்பவருக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டு, உம்மாவுக்குப் பதில் தெரியவில்லையென்றால் நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவார். மேசையைச் சுற்றி வந்து அவர்கள் பக்கத்தில் நிற்பார். இருபது வருடத்தில் இரண்டு மேலாளர்கள் இதற்காகத் திட்டி, இரண்டு பேரும் ஓய்ந்துபோனார்கள்.

அந்த வரியைச் சொல்லும்போது மட்டும் உம்மாவின் உதட்டில் ஒரு சிரிப்பு வரும். ஏதோ ஒன்றை மறைத்து வைத்திருக்கும் சிரிப்பு. சின்ன வயதில் கேட்டால், "எனக்கும் அந்த வரிக்கும் பழைய பழக்கம்" என்பார். அதற்கு மேல் வாய் திறக்கமாட்டார்.

அந்த வரி விழுந்தால் அதோடு சேர்ந்து உம்மாவிடம் என்னென்ன விழும் என்று எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் மூன்று நாள். நோயாளியின் உறவினர் வேறொரு டாக்டரையும் கேட்டுப் பார்ப்பதுபோல, ஒவ்வொரு தொகுப்பாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். நான் என்ன தேடுகிறேன் என்று வீட்டில் மூச்சு விடவில்லை.

அன்று மதியம் பழைய புரூஃப் தாள் ஒன்றின் முதுகில் படம் வரைந்தேன். அந்த நபிமொழி வந்த வழிகள் ஒவ்வொன்றும் ஒரு கோடு. கடைசியாக ஹஜ்ரத்தின் புத்தகம், அதற்கும் ஒரு கோடு.

"என்னடி, குழாய் ரிப்பேரா?" என்று எட்டிப் பார்த்தார் அக்கா.

"குழாய்னே வெச்சுக்குங்கக்கா. ஒரே கிணறு, பல குழாய். எல்லாத்துலயும் வெறும் தண்ணி வருது. ஒண்ணுல மட்டும் ஏலக்காய் வாசனை. அப்ப ஏலக்காய் எங்கே இருக்கு?"

"கிணத்துல இல்ல. அந்தக் குழாய்ல யாரோ போட்டிருக்காங்க."

"அந்தக் குழாய் நம்ம ஊர்லதான் முடியுது."

அக்காவின் கை விசைப்பலகையில் நின்றது. "ஹஜ்ரத்தையே சந்தேகப்படுறியா?"

"சந்தேகம் இல்லக்கா. விசாரணை."

"போலீஸும் அப்படித்தான் சொல்லும்."

இப்படி ஆவது புதிது அல்ல. பழைய காலத்திலும் ஆசிரியர் ஒரு செய்தியைச் சொல்லிவிட்டு மூச்சு விடாமல் தன் விளக்கத்தையும் சொல்வார். மாணவர் இரண்டையும் சேர்த்து ஒன்றாக எழுதிவிடுவார். இடைச்செருகல். கெட்ட எண்ணம் யாருக்கும் இருக்காது. கண்டுபிடிக்க ஒரே வழி, மற்ற வழிகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, சந்தேகமான கண்ணியிடம் நேரே போய்க் கேட்பது. நீங்கள் கேட்டீர்களா? உங்கள் காதால் கேட்டீர்களா? எப்போது? அதைக் கேட்க அந்தக் காலத்தில் மாதக்கணக்கில் பயணம் போயிருக்கிறார்கள். ஒரு தொகுப்பாளர் அப்படிப் போய், அந்த மனிதர் வெறும் மடியைக் காட்டித் தன் குதிரையை ஏமாற்றி அழைப்பதைப் பார்த்து, மிருகத்தை ஏமாற்றுபவரிடம் செய்தி எடுக்கமாட்டேன் என்று திரும்பிவிட்டதாக ஒரு கதை உண்டு. மேடைக்கு மேடை சொல்வார்கள். அந்தக் கதைக்கு மூலம் தேடினேன், எனக்குக் கிடைக்கவில்லை.

எனக்கு மாதக்கணக்கில் பயணம் தேவைப்படவில்லை. முதல் பதிப்பின் முன்னுரையில், பாடங்களைக் குறிப்பெடுத்துக் கொடுத்தவர் யார் என்று இருந்தது. எங்கள் அலுவலகத்திலிருந்து இரண்டு பேருந்து நிறுத்தம் தள்ளிக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை காலையில் போனேன். சுவர் முழுக்க ஆள் இல்லாத மூக்குக் கண்ணாடிகள், நூற்றுக்கணக்கில் என்னையே பார்த்தன. உள்ளே உட்கார இருந்தது ஒரே நாற்காலி, கண் பரிசோதனை செய்கிற நாற்காலி.

"உட்காருமா. ஆனா ஒண்ணு, இதுல உட்கார்ந்தவங்க கண்ணைப் பார்க்காம என்னால பேச முடியாது. பழக்கதோஷம்." என் மூக்கின்மேல் இரும்புச் சட்டம் ஒன்றை மாட்டிவிட்டார். "நம்ம கடை போர்டு பார்த்தியா? பார்வை மங்கினவனுக்காகப் பார்த்துச் சொல்றதும் தர்மம். அதே நபிமொழியில வர்றதுதான். இதுல தெளிவா இருக்கா? இதுலயா?"

"முதல்ல போட்டது மாமா. பாடம் எல்லாம் நீங்கதானே எழுதினீங்க?"

"ஆறு வருஷம். ஒரு வாரம் விட்டதில்ல."

"அந்த நபிமொழியோட கடைசி வரியை, ஹஜ்ரத் சொல்லி உங்க காதால கேட்டீங்களா?"

கண்ணாடி வில்லையோடு அவர் கை அந்தரத்தில் நின்றது. "என்னைப் பொய்யன்னு சொல்ல வந்தியா?"

"ஐயோ, இல்ல மாமா. உங்களைவிடப் பெரிய பெரிய ஆளுங்ககிட்டயே இதைக் கேட்டிருக்காங்க, ஆயிரம் வருஷம் முன்னாடி. உங்களை அந்த வரிசையில நிறுத்தித்தான் கேக்கிறேன்."

அவர் முகம் மலர்ந்தது. "ஹஜ்ரத் இருந்தா உன்னை முன் வரிசையில உட்கார வெச்சிருப்பாரு," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். ஆறு நோட்டுகளைத் தூசி தட்டிக் கொண்டு வந்தார்.

ஒவ்வொரு பாடத்துக்கும் மேலே தேதி, அதன் பக்கத்தில் ஒரே வார்த்தை: கேட்டேன்.

"அது ஹஜ்ரத் போட்ட சட்டம். காதால கேட்டா, 'கேட்டேன்'னு எழுது. எழுத்துல பார்த்து எடுத்தா, 'கண்டேன்'னு எழுது. ரெண்டையும் கலந்தே, வகுப்புக்கு வராதேன்னு சொல்லிடுவாரு."

தேடிய பாடம் நான்காவது நோட்டில் இருந்தது. அவர்தான் பக்கத்தைத் திருப்பினார். தேதிக்குப் பக்கத்தில் இருந்த வார்த்தையை அவர்தான் முதலில் பார்த்தார்: கண்டேன்.

"அட." மெல்ல ஸ்டூலில் உட்கார்ந்தார். "அம்மை போட்டிருந்துச்சு எனக்கு. ரெண்டு வாரம். ஒரு வாரம்கூட விட்டதில்லன்னு இத்தனை வருஷமா எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியிறேனே!"

என் மனதுக்குள் மூன்று வரி தானாக எழுதிக்கொண்டது. நேர்மையானவர். எழுத்தில் உறுதியானவர். தன்னைப் பற்றிய நினைவில் மட்டும் சற்றுப் பிழை உண்டு.

"இந்த வார்த்தை புத்தகத்துல இல்லையே மாமா?"

"உங்க முதலாளியோட அப்பாதான் எடுத்துட்டாரு. பக்கத்துக்குப் பக்கம் கேட்டேன், கேட்டேன்னு இருந்தா படிக்கிறவனுக்குக் காது வலிக்கும்னாரு. எல்லாத்தையும் எடுத்தப்ப இந்த ஒண்ணும் சேர்ந்து போயிருக்கு."

இருபத்தொன்பது வருடம் ஒரு ஊரை நம்ப வைத்தது அந்த ஒரு வார்த்தை இல்லாமல் போனதுதான். "யாரோட எழுத்துல கண்டீங்க?"

"அதுதான் தெரியாது. திரைக்கு அந்தப் பக்கம் பெண்கள் உட்காருவாங்க. எனக்கு ரெண்டு பாடம் விட்டுப்போச்சுன்னு ஹஜ்ரத் வீட்டம்மாகிட்ட சொன்னேன். அவங்க பெண்கள் பக்கத்துலேர்ந்து ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்தாங்க. பேரு எழுதல. திருப்பிக் கொடுக்கணும்னு எடுத்து வெச்சேன். அந்த அம்மா ஊருக்குப் போயிட்டாங்க, யார்கிட்ட கொடுக்கிறதுன்னு தெரியல." சொல்லிக்கொண்டே கீழ் இழுப்பறையைத் திறந்தார். கால் ஒடிந்த கண்ணாடிச் சட்டங்களுக்கு அடியிலிருந்து பழுப்பு அட்டை போட்ட ஒரு நோட்டு வந்தது. அட்டையில் 3 என்று மட்டும் இருந்தது.

திறந்தேன். பெயர் தேவைப்படவில்லை.

எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கும் சீட்டுகளில், என் பள்ளிக்கூட விடுப்புக் கடிதங்களில், மருந்து டப்பாக்களில் எல்லாம் நான் பார்த்து வளர்ந்த கையெழுத்து. ஒவ்வொரு எழுத்தும் கொஞ்சம் முன்னால் சாய்ந்து, பேருந்தைப் பிடிக்க ஓடுவதுபோல இருக்கும்.

பாடம் நீல மையில். வேகத்தில் விட்டுப்போன வார்த்தைகளைப் பக்கத்தின் ஓரத்தில் எழுதி, அது எங்கே சேரவேண்டும் என்று ஒரு சின்ன அம்புக்குறி போட்டிருந்தார். எல்லாப் பக்கத்திலும் அப்படித்தான். அந்தப் பாடத்தின் ஓரத்திலும் ஒரு வரி இருந்தது. பென்சிலில். அம்புக்குறி இல்லை.

"ஓரத்துல இருந்தா விட்டுப்போனதுன்னுதான் எடுத்துக்கிட்டேன்," என்றார் அவர், என் தோளுக்குப் பின்னால் நின்று. "அந்தப் பொண்ணு எல்லா இடத்துலயும் அப்படித்தானே எழுதியிருந்துச்சு. அம்பைக் கவனிக்கல. அடுத்தவங்க கண்ணைப் பார்க்கிறவன், பார்த்தியா." பிறகு என் முகத்தை எட்டிப் பார்த்து, "ஏம்மா கண்ணு கலங்குது? பவர் ஏறிடுச்சா?"

"எனக்குத் தெரிஞ்சவங்க எழுத்து மாதிரி இருக்கு மாமா. ஒரு நாள் இரவல் கொடுங்க."

அன்று மாலை வீட்டில் நோட்டைப் பையிலிருந்து எடுக்கவில்லை. பழைய அறிஞர் ஒருவரிடம் அவருடைய சொந்தத் தகப்பனாரைப் பற்றிக் கேட்டார்களாம், அவர் சொல்லும் செய்தியை எடுக்கலாமா என்று. வேறு யாரிடமாவது கேளுங்கள் என்றாராம். அவர்கள் விடவில்லை. தலையைக் குனிந்து, பிறகு நிமிர்ந்து, இது மார்க்கம், என் தகப்பனார் செய்தி சொல்வதில் பலவீனமானவர் என்றாராம். இந்தக் கதைக்கு மூலம் தேடியிருக்கிறேன். இதற்குக் கிடைத்தது. வேறு யாரிடமாவது கேளுங்கள் என்று எனக்கும் சொல்லத் தோன்றியது. யாரிடம் சொல்வது? உம்மா சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். சந்தோஷமாக இருந்தார்.

ஓரத்தில் இருந்தது உண்மையிலேயே ஹஜ்ரத் சொல்லி, உம்மா அம்பு போட மறந்த வரியாகவும் இருக்கலாம். அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு புதன்கிழமை காலை ஆஸ்பத்திரிக்குப் போனேன். வீட்டில் கேட்டால் அழுதுவிடுவேன் என்று பயம்.

கூடத்தில் டோக்கன் எண் மாறும் மணி, ஒரு பக்கச் சக்கரம் கிறீச்சிடும் தள்ளு நாற்காலி, கிருமிநாசினி வாசனை. விசாரணை மேசையில் உம்மா. பின்னால் சுவரில் அந்த வரி, நான்கு மூலையிலும் டேப். பச்சைக் கோப்பு ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு மனிதர் எதிரே நின்றிருந்தார். மனைவிக்கு உள்ளே ஆபரேஷன். உம்மா அவருக்குக் குடிக்கத் தண்ணீர் இருக்கும் இடத்தைக் காட்டி அனுப்பிவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்னடி, வேலைக்குப் போகலையா? முதலாளி துரத்திட்டாரா?"

சாட்சியிடம் பதிலை நாமே எடுத்துக் கொடுக்கக்கூடாது. நோட்டை மேசைமேல் வைத்தேன். "இது யார் எழுத்து உம்மா?"

"அடியே! என் மூணாம் நம்பர் நோட்டு!" பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தம். "ஹஜ்ரத் வீட்டம்மா வாங்கிட்டுப் போனது, திரும்பி வரவே இல்ல. எங்கேடி கிடைச்சுது?"

"சொல்றேன். இந்த ஓரத்துல இருக்கிறது?"

உம்மா குனிந்து பார்த்தார். அந்தச் சிரிப்பு வந்தது, மறைத்து வைத்திருக்கிற சிரிப்பு.

"இது இன்னும் அழியாம இருக்கா? உன்கிட்ட இதைச் சொன்னதே இல்லல்ல. யார்கிட்டயும் சொன்னதில்ல." குரலைத் தாழ்த்தினார். "அன்னைக்கு வகுப்பு விட்டு வர்றேன். வாசல்ல கைக்குழந்தையோட ஒருத்தி, சாப்பிட ஏதாவது கொடுன்னு கேட்டா. என் பையில நோட்டும் பேனாவும் தவிர ஒண்ணும் இல்ல. இல்லன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம். கால் வரல. பக்கத்துலயே நின்னேன். குழந்தைக்கு எத்தனை மாசம், பல்லு வந்துடுச்சான்னு என்னென்னமோ பேசினோம். அவ அண்ணன் தேடிக்கிட்டு வர்ற வரைக்கும். போகும்போது திரும்பிப் பார்த்து, 'நீ நின்னியே, அது போதும்'னா. வீட்டுக்கு வந்து பாடத்தைப் படிச்சுப் பார்த்தப்ப, நான் பாட்டுக்கு ஓரத்துல எழுதி வெச்சேன்."

"ஹஜ்ரத் சொல்லல?"

"ம்ஹூம். நான் எழுதினது. ஆனா கேளு." என் கையைப் பிடித்தார். "ரெண்டு வருஷம் கழிச்சுப் புத்தகம் வந்துச்சு. நீ வயித்துல. அந்தப் பக்கத்தைத் திருப்புறேன், அச்சுல இருக்கு! நபி சொன்னாங்கன்னு! திரும்பத் திரும்பப் படிச்சேன்டி. வகுப்புல ஹஜ்ரத் அந்த ஒரு வரியை விட்டிருக்காரு, புத்தகத்துல முழுசா போட்டிருக்காருன்னு நினைச்சேன். நான் வாசல்ல நின்னுக்கிட்டு யோசிச்சதை, நபி எப்பவோ சொல்லி வெச்சிருக்காங்க. அவங்க போன வழியிலயே என் புத்தியும் போயிருக்கே! வெளியில சொன்னா பெருமை அடிச்சுக்கிற மாதிரி ஆயிடும்னு..."

என் முகம் சொல்லிவிட்டது போல. உம்மாவின் பிடி தளர்ந்தது.

"நோட்டு யார்கிட்ட இருந்துச்சு?"

"கண்ணாடிக்கடை மாமாகிட்ட."

"அவர்தானே புத்தகத்துக்கு..."

மணி அடித்தது. டோக்கன் நாற்பத்தேழு. யாரும் எழுந்துபோகவில்லை. மணி மறுபடியும் அடித்தது. உம்மா நோட்டைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மறுபடியும் நோட்டை. அவர் மனம் கண்ணி கண்ணியாகப் பின்னோக்கிப் போவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த வேலைக்கு நான்கு வருடம் படித்தவள் நான். உம்மாவுக்கு ஒரு நிமிடம் போதுமாக இருந்தது.

"அப்ப நான் யோசிச்சது எங்கேயும் போய்ச் சேரல," என்றார். "நான் சொன்னதே ஊரைச் சுத்தி என்கிட்ட வந்திருக்கு."

"உம்மா..."

"அவங்க சொல்லாததை அவங்க சொன்னதா..." அதை முடிக்கவில்லை. நபியின் பெயரால் பொய் சொல்பவனுக்கு நரகத்தில்தான் இடம் என்ற எச்சரிக்கை இருவருக்கும் தெரியும்.

"வேணும்னு செய்றவங்களுக்குத்தான் அந்த எச்சரிக்கை. நீங்க ஒரு நோட்டு ஓரத்துல எழுதினீங்க. அவ்வளவுதான்."

"தெரியும். இருந்தாலும் இத்தனை வருஷம் என் முதுகுக்குப் பின்னாடி ஒட்டி வெச்சிருந்தேனே." எழுந்து திரும்பி, சுவரிலிருந்த தாளின் ஒரு மூலையை நகத்தால் கிளப்பினார். டேப்போடு கொஞ்சம் சுண்ணாம்பும் வந்தது. நான்கு மூலையும் வந்ததும் தாளை நோட்டுக்குள் வைத்து மூடினார். "எப்ப அச்சு?"

"நாளைக்கு."

"எடுக்கச் சொல்லு. இப்பவே போன் போடு." பிறகு, நான் போனை எடுப்பதற்குள், "மத்ததெல்லாம்? புன்னகை, கல்லு, வாளி?"

"அதெல்லாம் இருக்கு உம்மா. தொகுப்புலயே இருக்கு. பார்த்துட்டேன்."

"நல்லாப் பார்த்தியா?"

"நல்லாப் பார்த்தேன்."

மூச்சு விட்டார். நாற்காலியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் அவர் கண்ணில் வேறு ஒன்று வந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு வருமே, பொம்மையைப் பிரித்து உள்ளே பார்க்கும் ஆசை, அது. "அடிக்குறிப்புல என்னன்னு போடுவே?"

"கடைசி வரி நபிமொழி அல்ல. வகுப்பில் இருந்த ஒரு பெண் தன் நோட்டின் ஓரத்தில் எழுதிய சொந்தக் கருத்து, தவறுதலாகச் சேர்ந்துவிட்டது. எழுதியவரே இதை உறுதி செய்தார்."

"பேரு போடாதே."

"போடல."

"அந்த எழுதினவளை நம்பலாமா? எப்படி எழுதுவீங்க நீங்க, மூணு வரியில?"

"தனக்கு நஷ்டம்னு தெரிஞ்சும் அதை எடுக்கச் சொன்னவங்க. நம்பகமானவர்னு போடுவோம்."

"சொந்த மக சொன்னா எடுத்துப்பாங்களாடி?"

"மாட்டாங்க. அதனாலதான் கண்ணாடிக்கடை மாமாவையும் மத்தியானம் வரச் சொல்லப்போறேன். அவர் தனியா கேக்கட்டும். அப்படியே நோட்டையும் முறைப்படி திருப்பித் தரட்டும்."

"வரட்டும், வரட்டும். முப்பது வருஷமா இரவல் நோட்டைத் தராத மனுஷன்." சிரிக்கப் பார்த்தார், பாதியில் நின்றுவிட்டது.

ஜன்னல் பக்கம் போய் அக்காவுக்கு போன் செய்தேன். பட்டறை இயந்திரம் ஓடும் சத்தத்துக்கு நடுவே அவர், "கண்டுபிடிச்சுட்டியா? யாருடி? ஹஜ்ரத்தா?" என்று கத்தினார். முதலாளியின் இருமலும் கேட்டது. அப்போதுதான் பச்சைக் கோப்பு மனிதர் மேசைக்குத் திரும்பி வந்தார்.

"ஏதாவது சொன்னாங்களாம்மா?"

உம்மாவிடம் சொல்ல ஒன்றும் இல்லை. அவர் தலைக்குப் பின்னால், தாள் இருந்த இடத்தில், சுவர் ஒரு செவ்வகமாக வெளுத்திருந்தது. இத்தனை வருடமாக அந்த வரிதான் உம்மாவை எழுப்புகிறது என்று நினைத்திருந்தேன். இப்போது அது இல்லை. அடுத்து என்ன செய்வார் என்று முதல் தடவையாக எனக்குத் தெரியவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு பார்த்தேன். உம்மாவும் ஒரு கணம் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தார், அவருக்கே தெரியாததுபோல.

நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது.

"இன்னும் ஒண்ணும் வரலைப்பா," என்று சொல்லிக்கொண்டே மேசையைச் சுற்றி வந்து அவர் பக்கத்தில் நின்றார்.

"ஏய் சல்லடை, லைன்ல இருக்கியா? என்னன்னு அடிக்கட்டும்?" என்றார் அக்கா.

"கொஞ்சம் பொறுங்கக்கா," என்றேன்.

இருவரும் ஆபரேஷன் அறையின் கதவைப் பார்த்தபடி நின்றார்கள். அந்த மனிதர் ஏதோ சொன்னார். உம்மா தலையாட்டி, பதிலுக்கு என்னவோ சொன்னார். கோப்பு மனிதரின் முகம் கொஞ்சம் இளகியது. என்ன பேசினார்கள் என்று நான் இருந்த இடத்துக்குக் கேட்கவில்லை. கேட்காததை எழுதக்கூடாது.